காரணம் சொல்லாத தீர்ப்பு

2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி ஆஸ்திரியா தேசத்து ரெட்புல் கம்பெனி ஓர் அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரிலிருந்து நடந்துவரும் அதன் மோட்டார் பந்தயக் கோஷ்டியின் தலைவர் மிஸ்டர் கிறிஸ்டியன் ஹார்னர் பேரில், அங்கு வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர் புகார் கொடுத்திருந்தார். அந்தப் புகார் விசாரித்துத் தள்ளப்பட்டது என்றும், விசாரணை நேர்மையாகவும் கண்டிப்பாகவும் பாரபட்சமின்றியும் நடந்தது என்பதில் தனக்கு நம்பிக்கை உண்டு என்றும், விசாரணை அறிக்கை அந்தரங்கமானதாகையால் இனி ஒன்றும் பேசுவதற்கில்லை என்றும் கம்பெனி சொல்லிற்று. புகார் செய்தவருக்கு அப்பீல் உரிமை உண்டு என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான். புகார் என்ன? சொல்லவில்லை. விசாரித்தவர் யார்? பெயரில்லை. என்ன காரணத்தால் தள்ளினார்? அதுவும் இல்லை. தீர்ப்பு வந்தது; தீர்ப்புக்குக் காரணம் வரவில்லை.

மிஸ்டர் ஹார்னர் குற்றவாளி என்று சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. அவர் ஆரம்ப முதல் முடிவு வரை குற்றச்சாட்டை முழுதும் மறுத்தார். புகாரை ஒரு முறைக்கு இரு முறை விசாரித்து, இரு முறையும் தள்ளியிருக்கிறார்கள். அப்படியே, புகார் செய்தவர் பொய் சொன்னார் என்று சொல்லவும் நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. நமக்கு மட்டுமல்ல, உலகத்தில் யாருக்கும் இல்லை. நம் கண்டனமே அதுதான். பல மாதங்கள் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதித் தள்ளிய ஒரு விஷயத்தில், விசாரணை முடிந்த பிறகும் ஜனங்கள் விசாரணைக்கு முன் எங்கே நின்றார்களோ அங்கேயே நின்றார்கள்.

மோட்டார் பந்தயம் என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அதில் நமக்கென்ன என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். பந்தயச் சாலையில் நாம் காண்பது கோஷ்டிக்கு இரண்டு வண்டிகள்தான். அந்த இரண்டு வண்டிகளுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. வரைபடம் போடுகிறவர்கள், உலோகம் கடைகிறவர்கள், கணக்கெழுதுகிறவர்கள், விளம்பரம் கவனிக்கிறவர்கள், பிரயாண ஏற்பாடு செய்கிறவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். நம் ஊர் மில்லிலும் ஆபீசிலும் உள்ள மேலதிகாரி, கீழ் ஊழியர் என்ற உறவுதான் அங்கும். ஒருவருடைய கையெழுத்தில் மற்றவருடைய பிழைப்பு இருக்கிறது.

மிஸ்டர் ஹார்னர் லேசான ஆள் அல்ல. இளம் வயதில் தாமே பந்தய வண்டி ஓட்டினார். தம் திறமை அந்தத் துறையில் ஓரளவுக்குமேல் போகாது என்று கண்டுகொண்டு நிர்வாகத்துக்கு வந்தார். (இப்படித் தம் எல்லையைத் தாமே கண்டுகொள்ளும் குணம் அபூர்வம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) 2004 கடைசியில் போர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவார் கோஷ்டியை ரெட்புல் வாங்கிற்று. 2005 ஜனவரியில் அதற்குத் தலைவரானபோது மிஸ்டர் ஹார்னருக்கு வயது 31. அதன்பின் இருபது வருஷங்களில் அந்தக் கோஷ்டி 2010 முதல் 2013 வரையும், 2022, 2023 வருஷங்களிலுமாக ஆறு தடவை கோஷ்டிகளுக்கான உலகப் பட்டத்தை ஜெயித்தது. செபாஸ்டியன் வெட்டல் நான்கு தடவையும், மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் நான்கு தடவையும் ஓட்டுநர் பட்டம் பெற்றார்கள். 2023-ல் நடந்த 22 பந்தயங்களில் 21 பந்தயங்களை ரெட்புல் வண்டிகளே ஜெயித்தன. இவ்வளவு வெற்றிக்கும் தலைவராக இருந்த ஒருவர் பேரில், அந்த வெற்றியின் உச்சியில், கீழே வேலை செய்யும் ஓர் ஊழியர் புகார் எழுதிக்கொடுத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பிப்ரவரி 5-ந் தேதி ஹாலந்து தேசத்து 'டெ டெலகிராப்' பத்திரிகை முதலில் செய்தியை வெளியிட்டது. விசாரணை நடப்பது உண்மை என்றும், கம்பெனியைச் சேராத ஒரு பாரிஸ்டர் விசாரிக்கிறார் என்றும் கம்பெனி ஒப்புக்கொண்டது. பிப்ரவரி 9-ந் தேதி மிஸ்டர் ஹார்னரை லண்டனில் பல மணி நேரம் விசாரித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. 15-ந் தேதி புது வண்டியை மில்டன் கீன்ஸில் திரை நீக்கிக் காட்டியபோது அவர் தலைவராகவே முன்வரிசையில் நின்றார். விசாரணை முடியும் வரை தலைவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று கம்பெனி கருதவில்லை. விசாரிக்கப்படுகிறவருக்கு முன்னாலேயே தினமும் வேலை செய்ய வேண்டிய சாட்சிகளின் நிலை எப்படியிருக்கும் என்பதை, 'இலாகா விசாரணை' என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

புகார் தள்ளப்பட்ட அறிக்கை வந்த மறு நாள், பஹ்ரைனில் அவ்வருஷத்து முதற் பந்தயத்துக்கான ஒத்திகை ஓட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அப்போது பெயரில்லாத ஒரு மின்னஞ்சல் பறந்தது. உலக மோட்டார் சம்மேளனத்தின் தலைவர் முகம்மது பென் சுலாயம், பந்தயத்தை நடத்தும் ஸ்தாபனத்தின் தலைவர் ஸ்டெபானோ டொமெனிகாலி, மற்றக் கோஷ்டித் தலைவர்கள், பத்திரிகை நிருபர்கள் என நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அது போயிற்று. தலைவருக்கும் ஊழியருக்கும் நடந்த செய்திப் பரிமாற்றங்கள் என்று சொல்லப்பட்ட படங்கள் அதில் இருந்தன. அவை மெய்யா பொய்யா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பெயரில்லாதவர்கள் கிளப்பும் ஊகங்களைப்பற்றித் தாம் பேசப்போவதில்லை என்றார் மிஸ்டர் ஹார்னர்.

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவனை நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம். அது கோழையின் ஆயுதம். அதிலும் இந்தக் காரியம், புகார் செய்த பெண்ணின் சம்மதத்தோடு நடந்தது என்பதற்குச் சான்று எதுவுமில்லை. அவருடைய அந்தரங்கமும் சேர்ந்தே சந்தியில் இழுக்கப்பட்டது. ஆனால் மொட்டைக் கடுதாசிக்கு வாசகர்களைச் சேர்த்துக் கொடுத்தது யார்? நியாயமான வழியில் ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் ஜனங்கள் இதை இவ்வளவு ஆவலோடு பிரித்துப் பார்த்திருப்பார்களா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கம்பெனி தன் வாயைத்தான் மூடிக்கொண்டது.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். மார்ச் 2-ந் தேதி பஹ்ரைன் பந்தயத்தில் ரெட்புல் வண்டிகள் முதலிரண்டு இடங்களையும் பிடித்தன. கம்பெனியின் பெரும்பங்குதாரரான தாய்லாந்து தேசத்துச் சலெர்ம் யூவித்யா மிஸ்டர் ஹார்னருடன் கூட நடந்து வந்து, எல்லோரும் பார்க்கும்படி தம் ஆதரவைக் காட்டினார். கம்பெனியில் 51 சதவிகிதம் யூவித்யா குடும்பத்தாருடையது. மீதி 49 சதவிகிதம், 2022 அக்டோபரில் காலமான ஸ்தாபகர் டீட்ரிக் மாட்டெஷிட்ஸின் குமாரர் மார்க்கினுடையது. பெரியவர் மறைந்த நாள் முதல் தாய்லாந்துப் பக்கம் ஒன்று, ஆஸ்திரியாப் பக்கம் ஒன்று என்று இரு கட்சிகள் உள்ளதாகப் பேச்சு இருந்துவந்தது. பந்தயம் முடிந்த கையோடு சாம்பியன் ஓட்டுநரின் தகப்பனார் யோஸ் வெர்ஸ்டாப்பன், ஹார்னர் பதவியில் நீடித்தால் கோஷ்டி சிதறிப்போகும் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் ஆஸ்திரியாப் பக்கத்து மூத்த ஆலோசகர் ஹெல்முட் மார்க்கோவை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம் என்ற செய்தி வந்தது. அவர் போனால் தம்முடைய எதிர்காலமும் கேள்விக்குரியதே என்று மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் குறிப்பாகச் சொன்னார். மறு நாள் மார்க்கோ நீடிப்பார் என்று முடிவாயிற்று.

இந்தப் பெரிய மனிதர்கள் எல்லோருடைய பெயரும் பத்திரிகைகளில் நாள்தோறும் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி, ஒரு பலம், ஒரு பேரம் இருந்தது. இவர்களுக்கிடையில் ஒரு சம்பளக்காரப் பெண் தமக்கு அநியாயம் நடந்ததாக எழுதிக்கொடுத்த காகிதம் என்னவாயிற்று? அதைப் பேசுவோர் இல்லை. கேள்வி, 'இந்த ஊழியருக்குத் தீங்கு இழைக்கப்பட்டதா?' என்பதிலிருந்து, 'கோஷ்டி யார் கையில் இருக்கும்?' என்பதற்கு மாறிவிட்டது. மார்ச் 7-ந் தேதி, புகார் செய்தவரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று செய்தி வெளியாயிற்று. ஏன் என்று கேட்டவர்களுக்கு, அது உள் விஷயம் என்பதே கம்பெனியின் பதில்.

இங்கிலாந்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் முறை என்ன என்பதைச் சற்றுப் பார்ப்போம். தொழில் தகராறுகளில் சமரசம் செய்து வைக்கும் 'ஏகாஸ்' என்ற ஸ்தாபனம் ஒரு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. ஊழியர் புகாரை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும்; முதலாளி தாமதமின்றிக் கூட்டம் கூட்டிக் கேட்க வேண்டும்; ஊழியர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்; முடிவை எழுத்தில் தர வேண்டும்; அப்பீலுக்கு இடம் வேண்டும்; அப்பீலைக் கூடிய வரையில் முன்பு சம்பந்தப்படாத ஒருவர் கேட்க வேண்டும். இவ்விதிகளை மீறியதற்காக ஒரு முதலாளியைத் தண்டிக்க முடியாது. ஆனால் விவகாரம் பின்னால் தொழில் நியாயஸ்தலத்துக்குப் போனால், காரணமின்றி விதியை மீறியவர் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை நியாயஸ்தலம் 25 சதவிகிதம் வரையில் உயர்த்தலாம். விதிகளில் பெரிய குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். விசாரிக்கிறவரை நியமிப்பது முதலாளி. அவருக்குக் கூலி கொடுப்பது முதலாளி. எதை விசாரிக்க வேண்டும் என்று வரம்பு கட்டுவதும் முதலாளி. முடிவை ஏற்பதும், எதை வெளியில் சொல்வது என்று தீர்மானிப்பதும் முதலாளியே. ரெட்புல் நியமித்தவர்கள் 'கிங்ஸ் கௌன்சல்' பட்டம் பெற்ற மூத்த பாரிஸ்டர்கள். அரசர் பெயரால் பட்டம் இருப்பதைக் கொண்டு, அரசாங்க நியாயாதிபதி ஒருவர் தீர்ப்புச் சொன்னதாகப் பாமரர் எண்ணிவிடக்கூடாது. அவர்கள் யோக்கியர்களாகவே இருந்திருப்பார்கள்; அதைப்பற்றி நமக்குச் சந்தேகமில்லை. யோக்கியர் சொன்ன முடிவையும், காரணத்தைப் பார்த்துத்தானே நம்ப முடியும்?

இதற்கு ஒரு பதில் உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ரகசியம் முதலாளியை மட்டும் காப்பதில்லை, புகார் செய்கிறவரையும் காக்கிறது. தம் பெயரும் தம் கடிதங்களும் ஊரெல்லாம் வாசிக்கப்படும் என்று தெரிந்தால் எந்தப் பெண் புகார் கொடுக்க முன்வருவார்? சாட்சி சொன்ன சக ஊழியர்களுக்கும் அதே பயம் இருக்கும். மெய்தான். பெயர்களை வெளியிட வேண்டுமென்றோ, கடிதங்களை அச்சிட வேண்டுமென்றோ நாம் கேட்கவில்லை. புகார் எந்த வகையைச் சேர்ந்தது, எத்தனை சாட்சிகளைக் கேட்டார்கள், நடந்தவையாக ஒப்புக்கொள்ளப்பட்டவை எவை, அவை ஏன் குற்றமாகா என்று விசாரித்தவர் முடிவு செய்தார் என்பதை இரண்டு பக்கத்தில், ஒருவர் பெயரும் இல்லாமல், எழுத முடியாதா? கம்பெனியின் அறிக்கை பெயர்களை மறைப்பதோடு நிற்கவில்லை. நியாயத்தையும் சேர்த்து மறைத்தது.

வெளிப்படையான விசாரணையால் லாபமடைகிறவர் புகார் செய்கிறவர் மட்டுமே என்று நினைப்பதும் தவறு. இதற்கு அதே இங்கிலாந்தில், நம்மவர்களுக்கு மோட்டார் பந்தயத்தைவிட நன்கு தெரிந்த கிரிக்கெட் உலகத்தில், ஓர் உதாரணம் இருக்கிறது. யார்க்ஷயர் கிரிக்கெட் கிளப்பில் விளையாடிய அஸீம் ரபீக், தம்மை நிறத்தையும் இனத்தையும் சொல்லி அவமதித்தார்கள் என்று 2020-ல் பகிரங்கமாகப் புகார் சொன்னார். கிளப் ஒரு வக்கீல் கம்பெனியைக்கொண்டு விசாரித்தது. 43 குற்றச்சாட்டுகளில் ஏழு மெய்ப்பட்டதாக 2021 செப்டம்பரில் சொல்லிற்று. ஆனால் முழு அறிக்கையையும் வெளியிட மறுத்தது. அக்டோபர் 28-ந் தேதி, யார் பேரிலும் நடவடிக்கை இல்லை என்றது. அதாவது குற்றம் நடந்தது, குற்றவாளி இல்லை! அறிக்கையின் துணுக்குகள் பத்திரிகைகளுக்குக் கசிந்தவுடன் கதை மாறிவிட்டது. பணம் கொடுத்து ஆதரித்த கம்பெனிகள் விலகின. சர்வதேசப் போட்டிகளை நடத்தும் உரிமையை இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு நிறுத்தி வைத்தது. நவம்பர் 5-ந் தேதி கிளப்பின் தலைவர் ராஜிநாமாச் செய்தார். 16-ந் தேதி ரபீக் பார்லிமெண்டுக் கமிட்டி முன் வந்து, நாடு முழுவதும் கேட்கச் சாட்சியம் சொன்னார்.

பிறகு 2023 மார்ச்சில் கிரிக்கெட் ஒழுங்குக் கமிஷன் லண்டனில் வெளிப்படையாக விசாரணை நடத்திற்று. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் அந்த விசாரணையில் நம்பிக்கையில்லை என்று விலகிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் முன்னாள் காப்டன் மைக்கேல் வான் மட்டும் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட்டார். மார்ச் 31-ந் தேதி தீர்ப்பு. அவர் சொன்னதாகக் கூறப்பட்ட வார்த்தைகள் நிரூபிக்கப்படவில்லை என்று, ஒவ்வொரு சாட்சியத்தையும் எடைபோட்டுக் காரணத்துடன் எழுதினார்கள். வேறு சிலர் பேரில் சில குற்றச்சாட்டுகள் மெய்ப்பட்டன. வானுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய கவசம் பாருங்கள்! அவரைச் சந்தேகிக்கிற எவனும் முதலில் தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். மிஸ்டர் ஹார்னருக்கு அப்படிக் கையில் எடுத்துக் காட்ட ஒரு காகிதமும் கிடைக்கவில்லை. அவர் மெய்யாகவே நிரபராதி என்றால், அவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன?

ரபீக் தம் பெயரைச் சொல்லி முன்வந்தவர்; மில்டன் கீன்ஸ் ஊழியர் அப்படி வரவில்லை; ஆகவே இரண்டும் ஒன்றாகா என்று ஆட்சேபிக்கலாம். வித்தியாசம் உண்டுதான். ஆனால் கீழே இருப்பவர் ஏன் முன்வருவதில்லை என்பதற்கு இந்தப் பந்தய உலகமே பழைய சாட்சி ஒன்று வைத்திருக்கிறது. 2008 செப்டம்பரில் சிங்கப்பூர்ப் பந்தயத்தில் ரெனோ கோஷ்டியின் இளம் ஓட்டுநர் நெல்சன் பிக்கே தம் வண்டியைச் சுவரில் மோதினார். கூட்டாளி அலோன்ஸோ ஜெயிப்பதற்காக மேலிடத்து ஏற்பாட்டின்படி வேண்டுமென்றே மோதியதாக அவர் சொன்னது எப்பொழுது? மறு வருஷம், வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு. வேலை இருந்த வரையில் வாய் திறக்கவில்லை. கோஷ்டித் தலைவர் பிளாவியோ பிரியாட்டோரேயை உலக சம்மேளனம் 2009 செப்டம்பரில் விலக்கி வைத்தது. அவரோ பாரிஸ் கோர்ட்டுக்குப் போய், விசாரணை முறை சரியில்லை என்று 2010 ஜனவரியில் அந்தத் தண்டனையையே ரத்து செய்வித்தார். முறை தவறினால் தீர்ப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் நிற்காது.

சம்மேளனம் இந்தத் தடவை என்ன செய்தது என்று கேட்கலாம். கம்பெனியின் விசாரணை முடியட்டும், அதுவரை சொல்வதற்கில்லை என்றது. மெர்ஸிடிஸ், மக்லாரன் கோஷ்டித் தலைவர்கள் வெளிப்படையான விசாரணை வேண்டுமென்று பேசினார்கள்; அவர்கள் பரம வைரிகளாகையால் அந்தப் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். விஷயத்தைத் தெரிவிக்காததுபற்றி எழுத்து மூலம் அதிருப்தி தெரிவித்தவர், 2026 முதல் ரெட்புல்லுடன் எஞ்சின் தயாரிப்பில் கூட்டுச் சேர ஒப்புக்கொண்டிருந்த போர்டு கம்பெனியின் தலைவர் ஜிம் பார்லி. முதல் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். உழைப்பைப் போட்ட ஆயிரம் பேருக்கு, தங்கள் தலைவர் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டார் என்று கேட்கும் உரிமை உண்டா இல்லையா என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த ஆயிரம் பேரில் நாளைக்கு ஒருவருக்கு இதே போன்ற குறை வந்தால், 2024-ல் நடந்ததை நினைத்துக்கொண்டு அவர் பேனாவை எடுப்பாரா, கீழே வைப்பாரா?

சட்டம் மெதுவாகவேனும் நகர்கிறது. வேலைத்தலங்களில் பாலியல் தொந்தரவு நேராமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பதே முதலாளியின் கடமை என்ற சட்டம் 2024 அக்டோபர் 26-ந் தேதி பிரிட்டனில் அமலுக்கு வந்தது. தொந்தரவையோ பாரபட்சத்தையோ வெளியில் சொல்லாதபடி ஊழியர்களின் வாயைக் கட்டும் ரகசிய உடன்படிக்கைகளைச் செல்லாதவையாக்க, 2025 ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஊழியரைப் பேசவிடாமல் தடுப்பதை இது நீக்கும். முதலாளியைப் பேச வைக்க இன்னும் ஏற்பாடில்லை.

அப்பீல் என்னவாயிற்று? வேறொரு மூத்த பாரிஸ்டர் அதை விசாரித்தார். 2024 ஆகஸ்டு 8-ந் தேதி கம்பெனி இன்னொரு சிறு அறிக்கை கொடுத்தது. அப்பீல் நிராகரிக்கப்பட்டது, பாரிஸ்டரின் முடிவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, உள் நடவடிக்கை முடிந்தது என்று அதில் இருந்தது. காரணம் இல்லை. அவ்வருஷமே வண்டிகளின் சிற்பியான ஏட்ரியன் நியூவே விலகப்போவதாகத் தெரிவித்தார். ஜானதன் வீட்லியும் வேறு கோஷ்டிக்குப் போக முடிவு செய்தார். கோஷ்டிகளின் பட்டியலில் ரெட்புல் மூன்றாவது இடத்துக்கு இறங்கிற்று.

2025 ஜூலை 9-ந் தேதி, மிஸ்டர் ஹார்னர் அன்று முதல் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவும், லொரான் மெக்கீஸ் அந்த இடத்துக்கு வருவதாகவும் கம்பெனி அறிவித்தது. பந்தயத்தில் தோல்விகள் என்றார்கள் சிலர். பங்குதாரர்களின் பலம் மாறிவிட்டது என்றார்கள் சிலர். பழைய புகாரை இழுத்தவர்களும் உண்டு. இருபது வருஷ சேவைக்குக் கம்பெனி அவருக்கு வந்தனம் கூறியிருந்தது. செப்டம்பரில் அவர் முற்றிலும் விலகினார். ஏன் விடுவிக்கப்பட்டார் என்பதற்கு அந்த அறிக்கையிலும் ஒரு வரி இல்லை.